சுவரைத் தொட்டுப் பார்ப்பவர்

காலையில் வந்ததும் கைப்பையைக்கூட இறக்காமல், சாப்பாட்டு அறையின் இடப்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொடுவது போல இருக்கும். "இன்னைக்கும் சூடுதான்" என்று முணுமுணுத்த பிறகுதான் மற்ற வேலை. சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தின் கோப்பும் மெயிலும் சேரும் கம்ப்யூட்டர் சர்வர் அறை. அதைப் பராமரிப்பவர் இவர். நேரில் 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'துடைப்பம்'. இரண்டாவது பெயரும் அவருக்குத் தெரியும்.

ஐம்பத்திரண்டு வயது. ரப்பர் செருப்பு சத்தமே போடாது, அதுதான் ஆபத்து. ஒருநாள் பின்னால் நின்று என் கோப்புகளைப் பார்த்துவிட்டார். 'இறுதி', 'புதிய இறுதி', 'இதுதான் இறுதி' என்று வரிசையாக இருந்தன.

"ஏன் தம்பி, ஒரு பாத்ரூமுக்குப் பதினாலு படமா? குளிக்கப் போறது ஒரே ஆளுதானே?"

பதின்மூன்றை அழிக்கும்வரை நகரவில்லை மனுஷி.

யாராவது எல்லோருக்கும் 'நன்றி' என்று மெயில் போட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "காத்தோட போயிடுதுன்னு நெனப்பு. ஒவ்வொண்ணும் அந்த ரூம்ல வந்து ஒக்காந்துக்குது. அதுக்கு மெஷினு, மெஷினுக்கு ஏசி, ஏசிக்குக் கரண்டு. அந்தக் கரண்டுக்கு எங்கேயோ கரி எரியுது." வீட்டுக்காரர் காலையில் 'குட் மார்னிங்' போட்ட ரோஜாப் படம் அனுப்பினாராம். "பக்கத்து ரூம்லதான் இருக்கேன், எழுந்து வந்து சொல்லுங்கன்னுட்டேன்." வந்தாரா என்று கேட்டேன். சிரித்தார்.

போன மாதம் மேலாளர் கெடு வைத்தார். சர்வரில் நிரம்பியிருக்கும் இடம் மாதக் கடைசிக்குள் எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்காவிட்டால் இன்னொரு சர்வர் வரும். அதற்குச் சாப்பாட்டு அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் அவரவர் மேஜையிலேயே சாப்பிட வேண்டியதுதான். எங்கள் கவலை எங்களுக்கு. அக்காவின் கவலை வேறு. "இன்னொரு செவுரும் சூடாகணுமா?" என்றார். அன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த மாதிரியே மூடிவிட்டார்.

யார் அனுப்பியவை அதிக இடம் பிடித்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். முதல் பெயரே அவருடையது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பெயர் மாறவில்லை. 'வேண்டாததை அழியுங்கள்' என்று திங்கள்தோறும் நூற்று நாற்பது பேருக்கும் அவர் அனுப்பிய மெயில்தான் காரணம். அதோடு, ஒரு மரம் கைகூப்பிக் கெஞ்சுவதுபோல அவர் மகள் வரைந்த பெரிய படமும் போகும். மகள் வரைந்தது என்பதால் சுருக்க மனம் வரவில்லையாம். இரண்டு வருடம், ஒவ்வொருவர் மெயில் பெட்டியிலும் நூறு மரங்கள். ஒருவரும் அழிக்கவில்லை. அக்காவின் மெயிலை அழிக்க யாருக்குத் துணிச்சல்?

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது.

"நீங்களே எல்லார் பெட்டியிலேர்ந்தும் அழிச்சிடலாமே அக்கா?"

"அடுத்தவங்க பெட்டியில நான் கை வைக்கிறதில்ல."

"அப்ப ஒரு மெயில் போட்டு..." என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் பார்த்த பார்வையில் மீதி தொண்டையிலேயே நின்றது.

மூன்று நாள் நடந்தார். நூற்று நாற்பது மேஜை. ஒவ்வொன்றிலும் நின்று, "தப்பு என்னோடது. அந்த மரத்தையெல்லாம் வெட்டிடுங்க" என்றார். கேலி பேசக் காத்திருந்தவர்கள்கூட உடனே மெயில் பெட்டியைத் திறந்தார்கள். மரங்களோடு சேர்த்துத் தங்கள் பழைய குப்பையையும் அழித்தார்கள். வரவேற்பில் இருக்கும் பெண் மட்டும் ஒரு மரத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு" என்றார் அக்கா.

மாதக் கடைசி நாள் நிரம்பிய இடம் எழுபத்தெட்டு சதவீதத்தில் நின்றது. புதிய சர்வர் வேண்டாம் என்று மேலாளர் எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'வாழ்த்துகள் அக்கா' என்று தட்டி, அனைவருக்கும் பதில் அனுப்பும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனேன். செருப்புச் சத்தமே கேட்கவில்லை. எனக்கும் திரைக்கும் நடுவே ஒரு வலது கை நீண்டது. எழுந்து நின்று பிடித்துக் குலுக்கினேன். சுவரைத் தொட்டுவிட்டு வந்த கை, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.