மொட்டையான வெல்வெட்

அரங்குத் திரை தைக்கும் பட்டறையில் அவளுக்குப் பெயர் வெல்வெட் அக்கா. முப்பதடித் திரையை விரித்துப் போட்டால், கண்ணை மூடி, மென்மயிர் சாயும் பக்கத்தைத் தடவியே எந்தத் துண்டு தலைகீழாக வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இஸ்திரிப் பெட்டியோடு யாராவது அந்தப் பக்கம் வந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். வெல்வெட்டின் மென்மயிர் சூட்டில் கருகினால் அதோடு சரி, திரும்ப வராது. இருபது வருஷத்தில் அவள் கற்ற பாடம் அது.

அவள் மகள் பொடிசுக்கு எட்டு வயது. பார்க்கிறவர்கள் ஐந்து என்பார்கள். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. மூன்று வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியபின் ஒரு குடல் டாக்டர்தான் நோயைக் கண்டுபிடித்தார். அதோடு விட்டிருக்கலாம். தாயின் தொழிலைக் கேட்டதும் மனுஷனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“குடலுக்குள்ள பொடிப்பொடியா விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்மா. வில்லஸ்னு பேரு. சத்தை உறிஞ்சுறது அதுதான். லத்தீன்ல அதுக்குச் சடைமுடின்னு அர்த்தம். உங்க வெல்வெட்டுக்கும் அதுலேர்ந்துதான் பேரு வந்துச்சு. பாப்பாவுக்கு அந்த வெல்வெட் தேஞ்சு மொட்டையாயிடுச்சு. கோதுமையைத் தொடவே கூடாது. ரொட்டி, பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க.”

மொட்டை என்ற சொல்லுக்குப் பிறகு, கோதுமை கூடாது என்பதைத் தவிர அவள் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டு வாரம் பத்தியம் காத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பிஸ்கட் தின்பதைப் பொடிசு வாய் பார்த்து நின்றபோது அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. போனது போனதுதான், பிள்ளைக்கு ஆசையாவது தீரட்டும் என்று பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தாள். முட்டாள்தனம்தான். ஆனால் இருபது வருஷத் தொழில் சொல்லிக்கொடுத்த முட்டாள்தனம்.

ஆறு மாதம் கழித்து, ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர் நிமிர்ந்தார்.

“கோதுமை குடுத்தீங்களா?”

“குடுத்தேன் டாக்டர். கருகின வெல்வெட் திரும்ப வந்து நான் பாத்ததே இல்ல. அப்புறம் எதுக்குப் புள்ளைய வாயக் கட்டிப் போடணும்?”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“நான் சொன்ன விதம்தாம்மா தப்பு. துணிலேர்ந்து குடலுக்குப் பேரு வரல. முடிலேர்ந்துதான் ரெண்டுக்கும் வந்துச்சு. துணியில போனா போச்சு. இது உயிருள்ளது, முடி மாதிரி. கோதுமையை நிறுத்தினா திரும்ப வளரும்.”

“முழுசாவா?”

“சின்னப் புள்ளைதானே. பெரும்பாலும் முழுசா வந்துடும்.”

ஆறு மாதத்தைப் பாழாக்கிவிட்டோமே என்று அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்குப் போனதும் பிஸ்கட் டப்பாவைக் கழுவி ஊசி நூல் போட்டு வைத்தாள். அதன்பிறகு பொடிசு அழுது புரண்டாலும் அவள் அசையவில்லை.

வளரும் பிள்ளை என்று பொடிசின் கவுன் ஒவ்வொன்றிலும் கீழே நாலு விரல் துணியை உள்ளே மடித்துத் தைப்பது அவள் வழக்கம். இத்தனை வருஷத்தில் ஒரு மடிப்பையும் பிரிக்க வேண்டி வந்ததில்லை. கவுன்கள் சாயம் போய்க் கிழிந்து போகும். மடிப்புக்குள் இருக்கிற துணி மட்டும் புதுசாகவே இருக்கும்.

மறு வருஷம் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பொடிசு வாசலில் நின்று குனிந்து பார்த்தாள்.

“அம்மா, முட்டி தெரியுது.”

வெல்வெட் அக்கா பட்டறைக்கு நேரமானதையும் பார்க்காமல் கத்தரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து மடிப்பைப் பிரித்தாள்.