சொட்டு வீட்டுத் தண்ணீர்

பூமிக்கு அடியில் தண்ணீர் கசிந்தால் என்ன சத்தம் கேட்கும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது. சொட்டுக்குத் தெரியும். குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடமாக அவருக்கு அதுதான் வேலை. வண்டிகள் ஓடத் தொடங்கும் முன், விடியற்காலையில், ஆள் உயர இரும்புக் கம்பியோடு தெருவில் இறங்குவார். ஒரு முனையைச் சாலையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக்கொள்வார். கீழே குழாய் உடைந்திருந்தால் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கம்பி வழியே ஏறி வரும். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த தெருவுக்கு நகர்வார். பின்னால் வரும் ஆட்கள் தோண்டினால், வட்டத்துக்கு ஒரு முழம் இப்படி அப்படி, கசிவு இருக்கும்.

சொட்டு என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் குழாயைத் திருகிப் பார்க்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் தண்ணீரைப் பணத்தைவிட இறுக்கிப் பிடித்தார்.

அதற்காக அவரைக் கஞ்சன் என்று ஏசுவது நியாயமில்லை. அவர் பயம் நிஜமான பயம். பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடையில் நீர்த்தேக்கம் வற்றியது. அளவு பார்க்க அனுப்பியவர்களில் இவரும் ஒருவர். தண்ணீர் இழுக்கும் கோபுரத்தின் அடிக்கல் வெளியே தெரிந்தது. சுற்றிலும் வெடித்த சேறு, அதில் செத்த மீன். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார். அடுத்த நாற்பது நாளும் ஊருக்கு லாரித் தண்ணீர்தான். வரிசையில் நடந்த சண்டையில் ஒரு பெண்ணுக்குக் குடத்தால் மண்டை உடைந்ததை அவர் கண்ணால் பார்த்தார். அதற்கப்புறம் மழை பெய்தது, ஊர் மறந்தது. இவர் மறக்கவில்லை.

வீட்டில் சட்டம் பிறந்தது அப்போதுதான். காய் கழுவிய தண்ணீரில் பாத்திரத்தின் முதல் கழுவல். துணி அலசிய தண்ணீரில் தரை. குளிக்க அரை வாளி, அதற்குமேல் கேட்பது பாவம். கழிப்பறைத் தொட்டிக்குள் மணல் நிரப்பிய இரண்டு பாட்டில்களைப் போட்டார். அப்படியும் ஒரு தடவை இழுத்தால் ஆறு லிட்டர் போயிற்று. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணுக்குப் போனதுக்கெல்லாம் ஆறு லிட்டரா? மூணு தடவைக்கு ஒரு தடவை இழுத்தா போதும். யாரும் செத்துட மாட்டாங்க" என்றார்.

மகள் வீட்டில் இருந்தவரை சண்டை போட்டாள். "இது வீடாப்பா? பாலைவனத்துல ஒட்டகம் கூட இதைவிட நல்லா இருக்கும்" என்பாள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ஷவரைத் திறந்துவிட்டு, விரல் சுருங்கும்வரை நின்றதாக அம்மாவிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

மனைவி சண்டை போடவில்லை. அவள் முன்னறையில் மிஷின் போட்டு, ஒரு கடைக்குத் தலையணை உறை தைத்துக்கொடுத்தாள். நாள் முழுக்க வீட்டில் இருப்பவள். அவளுக்கு வாடை ஆகாது. இழுக்காமல் வெளியே வர மனசு கேட்காது. புருஷன் போட்ட சட்டத்தை மீறவும் மனசு கேட்காது. ஆகவே மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தாள், போகாமலே இருப்பது. போகாமல் இருக்க வேண்டுமென்றால் குடிக்காமல் இருக்க வேண்டும். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று நிறுத்திக்கொண்டாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வது என்பார்கள். இவள் அதை அப்படியே செய்தாள்.

தண்ணீர் குடிக்காதே என்று சொட்டு ஒருநாளும் சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. அவள் எவ்வளவு குடிக்கிறாள் என்று கேட்டதும் இல்லை. மாதம் பிறந்தால் வாசலில் குனிந்து மீட்டரைப் பார்த்துவிட்டு உள்ளே வருவார்.

"இந்த மாசமும் தெருவிலேயே நாமதான் கம்மி."

அவள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவருக்கு அன்று முழுக்கத் தெம்பாக இருக்கும்.

ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போனார். "எங்க வீட்ல ரெண்டு பேர். ஒரு நாளைக்கு மொத்தம் அறுபது லிட்டர். அதுக்குக் காரணம் நான் இல்ல, இதோ முதல் வரிசையில உக்காந்திருக்காங்களே, அவங்கதான்" என்று கை காட்டினார். இருநூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலை குனிந்தாள். வெளியிடத்தில் கழிப்பறை தேட வேண்டி வருமே என்று அன்று காலையிலிருந்தே அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்திருக்கவில்லை.

அதற்கப்புறம் இடுப்புக்கு மேலே வலி வந்தது. மிஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பதால் வருகிற வலி என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். மருந்துக்கடை மாத்திரையில் அடங்கியது, மறுபடி வந்தது. நடுவில் காய்ச்சல், குளிர். இப்படி மூன்று நான்கு வருடம். கால் வீங்கி, சாப்பாடு இறங்காமல் வாந்தி எடுத்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சு. கல்லு அடைச்சு, கிருமி சேர்ந்து, ரொம்ப வருஷமா நடந்திருக்கு. நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்கம்மா?"

அவள் சொட்டைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதுதான் கொடுமை.

"எனக்கு ரெண்டு டம்ளர் போதும் டாக்டர்."

"ரெண்டு டம்ளரா? தாகமே எடுக்காதா?"

"எடுக்கும். குடிச்சா போகணும். போனா ஆறு லிட்டர் இழுக்கணுமில்ல."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. சொட்டுக்கு விளங்கியது. தன் வீட்டு மீட்டர் ஏன் அவ்வளவு மெதுவாகச் சுற்றியது என்று பதின்மூன்று வருடம் கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது விளங்கியது. கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

செய்தி கேட்டு மகள் ஓடி வந்தாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து அவரைக் கேட்டாள். "அம்மா ஒண்ணுக்குப் போறதைக்கூட எண்ண வச்சிட்டீங்களேப்பா." குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். அவர் வீட்டுக்குப் போனதும் தொட்டிக்குள் கையை விட்டு இரண்டு பாட்டில்களையும் எடுத்துக் குப்பையில் போட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன முழம் என்ன?

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்றார்கள். நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, உள்ளே விடுகிற மிஷின். முதல் நாள் அவளைப் படுக்க வைத்துவிட்டு வெளியே நின்றவருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. கால் தானாக அங்கே போனது. பின்னறையில் பெரிய வடிகட்டும் இயந்திரம். ஒரு குழாயில் சுத்தத் தண்ணீர் மிஷின்களுக்குப் போனது. இன்னொரு குழாய் கழிவு என்று நேரே சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"ஒருத்தருக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகும் சிஸ்டர்?" என்று அங்கே வந்த நர்ஸைக் கேட்டார்.

"மிஷினுக்கு நூத்தி இருபது லிட்டர் சார். அவ்வளவு எடுக்க இன்னொரு நூத்தி இருபது வெளிய போகும்."

அந்தக் கழிவுத் தண்ணீரைத் தரை துடைக்கப் பிடித்து வைக்கலாமே என்று ஆஸ்பத்திரிக்காரர்களிடம் சொன்னார். பார்க்கலாம் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் தேவலை. நுணலும் தன் வாயால் கெடும். சாயங்காலம் வீட்டில், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் அலுவலகக் கதை சொல்வது போலச் சொன்னார்.

"இருநூத்தி நாப்பது லிட்டர். ஒரு தடவைக்கு. கொட்டுது அங்க."

அவள் மனதுக்குள் வகுத்துப் பார்த்து, "நமக்கு நாலு நாள் தண்ணி" என்றாள். "ஆமா" என்று சொல்லிவிட்டு இவர் விளக்கை அணைத்துப் படுத்தார். இப்போது நினைத்தால் அந்த நாக்கை அறுத்துப் போடலாம் என்று அவருக்குத் தோன்றும்.

லீவு தீர்ந்து சொட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். அவள் தனியாக வண்டி பிடித்துப் போய் வந்தாள். கேட்டால் நல்லபடியாக முடிந்தது என்பாள். மூன்றாவது வாரம் ஒரு நாள் அவர் தெருவில் காதும் கம்பியுமாக நின்றிருந்தபோது நர்ஸ் போன் செய்தாள்.

"சார், அம்மா மூச்சு விட முடியாம வந்திருக்காங்க. உடனே வாங்க. பாதியில எந்திரிச்சுப் போனா இப்படித்தான் ஆகும்னு அவங்ககிட்ட சொல்லிட்டேதான் இருக்கேன்."

"பாதியிலயா?"

"உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு மணி நேரம் ஆனதும் கால் இழுக்குது, போதும்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறாங்க. சனிக்கிழமை வர்றதே இல்ல."

கம்பியைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினார். அவளைச் சாய்த்து உட்கார வைத்து முகமூடி வழியே காற்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இதயமும் களைத்துவிட்டது என்றார் டாக்டரம்மா. மிஷினில் போட்டு இரண்டு மணி நேரம் கழிந்ததும் அவளுக்குப் பேச்சு வந்தது.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்று கேட்டார்.

"எனக்கு ஒருத்திக்கு எதுக்குங்க அவ்வளவு தண்ணி? மேட்டுத் தெருவுக்கு மூணு நாளா வரலேன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது வேற, இது வேற."

"எல்லாம் ஒரே ஏரித் தண்ணிதானே."

இதுவும் அவர் பேச்சுதான். பிள்ளைகளுக்கு முன்னால் மைக்கில் சொன்னது. அவளோடு வாதம் செய்ய அவரிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. எல்லா வார்த்தையையும் அவளுக்கே கற்றுக்கொடுத்திருந்தார். கடைசியில் பொய் சொன்னார்.

"அந்தக் கணக்கு தப்பு. நான்தான் சரியாக் கேக்கல. ஒரு தடவைக்கு இருபத்தி நாலு லிட்டர்தான். இருநூத்தி நாப்பது இல்ல."

அவள் அவரையே பார்த்தாள். "இத்தனை வருஷத்துல நீங்க ஒரு லிட்டர்கூடத் தப்பா சொன்னதில்ல."

"இது தப்புதான். சத்தியமா."

அவர் கண் நிறைந்திருந்ததை அவள் கவனித்திருக்க வேண்டும். "சரிங்க, தப்புன்னா தப்பு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகு ஒரு நாளும் பாதியில் எழுந்திருக்கவில்லை. அவர் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு நான்கு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் அவளுக்குச் சிறுநீர் அறவே நின்றுவிட்டது. உள்ளே போகிற தண்ணீர் வெளியேற மிஷினைத் தவிர வழியில்லை. அதிகமானால் மறுபடி நுரையீரலில் ஏறும், இதயம் தாங்காது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர், கஞ்சி, மாத்திரை எல்லாம் சேர்த்து, அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது என்றார் டாக்டரம்மா. ஏரியையே கொண்டுவந்து அவள் காலடியில் ஊற்றத் தயாராக இருந்த மனிதர், காலையில் எழுந்ததும் பாட்டிலில் கோடு பார்த்து அளந்து வைக்க வேண்டியிருந்தது. அவர் அளந்தார். வேறு யாரை நம்பி விடுவது?

அந்தக் கோடையில் ஒரு மதியம் அவள் கூப்பிட்டாள். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பாட்டில் பதினொரு மணிக்கே காலியாகிவிட்டது.

"என்னங்க, ஒரு டம்ளர் தண்ணி குடுங்களேன். தாங்க முடியல."

முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் அவரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு முடிஞ்சு போச்சும்மா" என்றார்.

"அரை டம்ளர்?"

"வேண்டாம்மா. நாளைக்கு."

"சரிங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஈரத்துணியால் அவள் உதட்டையாவது நனைக்கலாம் என்று அவர் சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். துணியை நனைக்கக் கை வரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க, குழாய் ஓடுதுங்க. மூடுங்க."

சொட்டு குழாயை மூடினார்.