இரண்டு வரிசையிலும் ஒன்று

மெஷின்களுக்கு புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. அதில் எல்லாமே ஒன்று, பூஜ்ஜியம்தான். பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிறதே என்று எனக்காக ஒரு கால்குலேட்டர் எழுதி வைத்திருந்தேன். பட்டன் எல்லாம் கிடையாது, கறுப்புத் திரையில் டைப் அடிக்க வேண்டும். இரண்டு எண் கொடுத்தால் ஒன்றும் பூஜ்ஜியமுமாகப் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தும். நடுவில் & போட்டால், இரண்டு வரிசையிலும் ஒன்று இருக்கிற இடம் மட்டும் விடையில் பச்சையாக வரும்.

அதை வீட்டு விஷயத்துக்கு இழுத்தது என் மனைவி. அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் அவளுக்கும் கம்பெனியில் எனக்கும் வார லீவு மாறிக்கொண்டே இருக்கும்.

"நம்ம லீவையும் இதுல போட்டுப் பாருங்களேன்" என்றாள்.

வாரத்துக்கு ஏழு இடம். லீவு என்றால் ஒன்று, டூட்டி என்றால் பூஜ்ஜியம். பச்சை வந்த நாளில் ஊட்டிக்கா போனோம்? ஸ்ரீரங்கத்திலிருந்து பைக்கில் பாலம் தாண்டி காந்தி மார்க்கெட், அவ்வளவுதான். ஒவ்வொரு கத்தரிக்காயாகத் திருப்பிப் பார்ப்பாள். நான் எடுத்துப் போட்டதையெல்லாம் வெளியே எடுத்து வைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலுக்குக்கூட இப்போது ஏங்குகிறேன்.

இப்போது அவள் மஸ்கட்டில். தினமும் பேசுகிறோம், ஆனால் அவசரப் பேச்சு. போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் அங்கே சமைக்க, நான் இங்கே சமைக்க, ஒரு நாள் முழுக்க சேர்ந்து இருக்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. அதற்கு ஒரே நாளில் லீவு வர வேண்டுமே. வாராவாரம் அவள் வரிசையை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள், நான் போட்டுப் பார்க்கிறேன். மாசக்கணக்கில் வெறும் பூஜ்ஜியம்.

போன வாரம் பச்சை வந்தது. அதுவும் இரண்டு, ஞாயிறும் செவ்வாயும். சந்தோஷத்தில் மேலே இருந்த எங்கள் இரண்டு வரிசையையும் யார் பார்த்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை குளித்து, காபி போட்டுக்கொண்டு வீடியோ கால் அடித்தேன். கட் பண்ணினாள். கொஞ்ச நேரத்தில் மெசேஜ் வந்தது.

"வார்டுல இருக்கேங்க. & போடாம | போட்டுட்டீங்களா?"

அதேதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவள், கண்டுபிடித்துவிட்டாள். | போட்டால், யாராவது ஒருத்தருக்கு லீவு இருந்தாலே பச்சை காட்டிவிடும். எழுதின ஆளே நான்தான், வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த மெசேஜும் வந்தது.

"பரவாயில்ல. இனிமே அதையே போடுங்க. பச்சையாவது இருக்கட்டும்."

இந்த வாரமும் அவள் வரிசை வந்தது. அவள் சொன்னபடியே போட்டேன். வியாழனும் சனியும் பச்சை. வியாழன் என்னுடையது. பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். ஒவ்வொரு கத்தரிக்காயாகத் திருப்பிப் பார்த்து எடுத்தேன்.