ஆய்க்குடி கேப்டனும் காதர் ஊத்தின பெட்ரோலும்

தென்காசியில ஏதோ ஒண்ணு ரெண்டு வீட்ல மட்டும் டிவி இருந்த வருசம்... சித்திரையிலேயே சாரல் முந்திக்கிட்ட வருசம். அந்த வருசம் இங்கன ஹெலிகாப்டர் ஓட்டின ஆய்க்குடி கேப்டன் சங்கரன் இன்னைக்குக் காலையில போயிட்டாரு.

எனக்கு எழுத்து தெரியாது. போன்ல பேசுதேன், அது எழுதுது. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுக்கு மருந்து அடிக்க வந்த கம்பெனி. செங்கோட்டை ரோட்டுல ஒரு பொட்டல்தான் கிரவுண்ட். மருந்து கலக்குதது நான், பெட்ரோல் ஊத்துதது காதர், மெக்கானிக் அந்தோணி.

தினமும் காலையில கேப்டன் டேங்குக்கு அடியில இருந்து ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பெட்ரோல் புடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு. தண்ணி கலந்திருந்தா அடியில தனியா நிக்கும்.

"என்மேல நம்பிக்கை இல்லையா கேப்டன்?"னு அந்தோணி கேப்பான்.

"உன்மேல இருக்குலே. பெட்ரோல் மேலதான் இல்ல. பைலட் இன் கமாண்ட்னு பொறுப்பேத்துக் கையெழுத்து போடுதது நான்லா."

ஒருநாள் மேகம் இறங்கி மலையே தெரியல. மேனேஜர் வந்து, "மொதலாளி சத்தம் போடுதாரு, ஒரு ரவுண்டாவது போங்க"ன்னாரு.

"அப்போ அவரையே வந்து ஓட்டச் சொல்லும்"னுட்டு இவரு குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிட்டாரு. அப்பேர்ப்பட்ட மனுசன்...

விபத்து நடந்த அன்னைக்கும் காலையில பாட்டில் புடிச்சுப் பாத்தாரு. மத்தியானம் மறுபடி பெட்ரோல் ஊத்தும்போது மலைமேல கருக்க ஆரம்பிச்சிட்டு. மழைக்கு முன்ன போயிட்டு வந்துருவோம்னு, மறுபடி பாட்டில் புடிச்சுப் பாக்காம ஏறிட்டாரு. அந்தோணியும் கூட ஏறினான்.

சித்திரையில சாரல் வரும்னு யாரு நெனச்சா. பெட்ரோல் டிரம்ம எல்லாம் படுக்கப் போடாம நிமித்தியே வச்சிருந்தோம். மொத நாள் ராத்திரி பெஞ்ச சாரல்ல மூடி வழியா தண்ணி இறங்கியிருக்கு.

எஸ்டேட்டுக்கு மேல இஞ்சின் நின்னுட்டு. கேப்டனுக்கு ஒரு கால் போச்சு. அந்தோணி அங்கனயே...

ஆஸ்பத்திரியில மேனேஜர் குனிஞ்சு மெதுவா சொன்னாரு. "காதர் தண்ணி கலந்தத ஊத்திட்டான்னு சொல்லிருங்க. உங்க லைசென்ஸ் தப்பிச்சிரும்."

காதர் கதவுக்கு வெளிய நிக்கான். புதுசா கல்யாணம் ஆனவன். போலீஸ் வந்து கூட்டிட்டுப் போயிரும்னு வாசலையே பாக்கான்.

கேப்டன் கண்ணத் தொறக்காமலே சொன்னாரு. "ஊத்தினது அவன்தான். பாக்கவேண்டியது நான்லா. நான் பாக்கல."

விசாரணைக்கு வந்த ஆபீசருங்ககிட்டயும் அதையேதான் சொன்னாரு. அதுக்கப்புறம் அவரு பறக்கல.

வருசா வருசம் அந்தோணி செத்த நாளைக்கு அவன் வீட்டுக்குப் போவாரு. நான்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். அவன் அம்மா காப்பி குடுக்கும். பேசாது.

அந்தம்மா சாகுத வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இவரும் போறத நிறுத்தல.

போயிட்டு வாங்க கேப்டன்...

இப்போ பஸ்ஸுக்கு நிக்கேன். போன்ல சொன்னா அவனுக்குக் காது கேக்காது, நேர்ல போயித்தான் சொல்லணும். அந்தக் கிரவுண்டுல நின்ன ஆளுங்கள்ல என்னை விட்டா இனி இருக்கது அவன் ஒருத்தன்தான்... கடையநல்லூர் காதர்.