பெயர்களுக்குக் காம்பரா கட்டிய வீரம்மா

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஏழு பேர் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து வளர்ந்த வீரம்மா, இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு கம்ப்யூட்டருக்குள் காம்பரா கட்டிக்கொண்டிருந்தாள். வெளியில் கட்ட வக்கில்லாதவர்கள் உள்ளே கட்டத்தானே வேண்டும்.

கம்ப்யூட்டர் இருந்தது, தோட்டத்துத் தொடர்வீடான லயத்தின் முன்தாழ்வாரமான இஸ்தோப்பில். உள்ளே அதற்கு இடமில்லை. உரப்பையைப் போர்த்திக்கொண்டு மழைக்குப் பயந்து மூலையில் கிடந்தது. சூடாக இருக்கிறதென்று அடுத்த வீட்டுக் கோழி அதன் தலையில் குடியேறிவிட்டது. அம்மா ராசம்மா அதன்மேல் மிளகாய் காயவைத்தாள். தம்பி சட்டை காயப்போட்டான். யாரும் யாரையும் கேட்டு எதையும் வைக்கிற வீடல்ல அது.

பகலில் அவள் ஹட்டனில், நிப்ராஸின் கடை மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தாள். அங்கே கணக்கு வாத்தியார் குகநேசனும் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கையில் பலகைக்கு எழுதும் சோக்கட்டி இல்லாமல் பேசவே வராது. உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டர் மொழிகள் போதாதென்று இந்த மூன்று பேரும் ஆளுக்கொரு மொழி எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர் மொழி மற்றவர் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் வீரம்மா, கம்ப்யூட்டருக்குள்ளேயே கம்பியும் தகரமும் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரை எழுத்தாலேயே செய்தாள். அதில் மூன்று மொழிகளும் ஓடும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பம் என்பதால் அதற்கு ‘லயம்’ என்று பேர் வைத்தாள்.

குடிவந்த அன்றே சண்டை. மூன்று பேரும் தங்கள் மொழியில் ‘வரிசை’ என்றொரு கட்டளை வைத்திருந்தார்கள். குகநேசனின் வரிசை எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும். நிப்ராஸின் வரிசை பெயர்களை அகர முதலாக அடுக்கும். வீரம்மாவின் வரிசை குழாயடி வரிசை மாதிரி, வந்தவர் வந்தபடி நிற்கும். யாரைக் கூப்பிட்டால் யார் வருவார் என்று லயத்துக்கே தெரியவில்லை. வெறும் ‘வரிசை’ என்றால் அது தன்னுடையதுதான் என்று குகநேசன் ஒரு வாரம் பலகையில் எழுதி நிரூபித்தார். மேசை தன்னுடையது என்று நிப்ராஸ் சொன்னான். மேசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

வீரம்மா யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு காம்பரா. அதற்குள் அவரவர் ராஜா. என்ன பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அடுத்த காம்பராப் பொருள் வேண்டுமென்றால் காம்பராவின் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். இஸ்தோப்பு எல்லோருக்கும் பொது. அங்கே ஒருத்தரும் ஒரு சாமானும் வைக்கக்கூடாது. இரண்டு ஆண்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காம்பராவுக்குப் போனார்கள்.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் தன் மொழியை மட்டும் அவள் இஸ்தோப்பிலேயே விட்டுவைத்தாள். கட்டினவளே நான், எனக்கெதற்குக் காம்பரா என்ற நினைப்பு. ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்தின் பழைய பிள்ளைக்காம்பரா காலியானது. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. குழந்தைகள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கொடுங்கள் என்று வீரம்மா தோட்டத்து மேலாளரான தொரையிடம் கேட்டாள். தோட்டத்துக்கு உபயோகமாக ஏதாவது செய்து சனிக்கிழமை காட்டு, இல்லாவிட்டால் உரமூட்டை அடுக்கப்போகிறேன் என்றார் தொரை. காட்டியது சரியாக இருந்தால் வகுப்பு முன் கூடத்தில் நடக்கலாம்; பின்னால் பால்மா வைத்திருந்த சின்ன அறையை அவளே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சின்ன அறைதான் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் யோசிக்க வேண்டும். இருபத்தெட்டு வயதுவரை அது அவளுக்கு வாய்த்ததில்லை.

சனிக்கிழமை, நிப்ராஸ் கடைக் கம்ப்யூட்டரைச் சுற்றிப் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். அன்றைக்கு யார் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்று காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்துப் பெயர்களெல்லாம் உள்ளே போயின. குகநேசனின் மொழியில் எழுதிய நிரல் எடைகளை அடுக்க ‘வரிசை’யைக் கூப்பிட்டது. லயமோ முதலில் இஸ்தோப்பைத்தான் பார்க்கும். அங்கே ஆளில்லையென்றால்தான் காம்பராவுக்குள் போகும். இஸ்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வீரம்மாவின் வரிசை ஓடிப்போய், வந்தவர் வந்தபடி நிறுத்திவிட்டது. தோட்டத்திலேயே முதலிடம், நாலு கிலோ, ராக்காயி என்று திரை அறிவித்தது.

ராக்காயி காலையில் முதல் ஆளாக மலைக்கு வந்து, நாள் முழுக்கக் கதை பேசிவிட்டு இறங்கியவள். கூட்டம் சிரித்து அடங்கவில்லை. ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய்த் தொரை முன்னால் நின்று பரிசு எங்கே என்று கேட்டாள். தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

குகநேசன் நிப்ராஸைப் பார்த்தார். “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். நான் முதலே சொன்னனான்.” நிப்ராஸ் கூரையைப் பார்த்தான்.

பழியை அவர்கள் இருவர் தலையிலும் கட்டியிருக்கலாம். வாய்வரை வந்ததுதான். வீரம்மா தொரை பக்கம் திரும்பினாள்.

“என் தப்புதாங்க தொரை,” என்றாள். “எல்லாரையும் காம்பராவுக்குள்ள போகச் சொல்லிட்டு, நான் மட்டும் இஸ்தோப்புல ஒக்காந்துட்டேன். கால் மணி நேரம் குடுங்க.”

தொரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தப்பு என்னுடையது என்று சொன்ன ஆளை அவர் அந்தத் தோட்டத்தில் அதுவரை பார்த்ததில்லை, உட்கார்ந்துவிட்டார். அவள் தன் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நாலு பேரைப் போலத் தனக்கொரு காம்பரா போட்டு அதற்குள் வைத்தாள். மறுபடி ஓட்டியபோது முப்பத்தொரு கிலோவோடு வேறொருத்தி முதலில் வந்தாள். ராக்காயி கடைசிக்குப் போனாள். மிஷின் முதல்தரம் சொன்னதுதான் சத்தியம் என்று அவள் இன்றைக்கும் வாதாடுகிறாள்.

சாவி கிடைத்தது. மறுநாள் காலை இஸ்தோப்பிலிருந்த கம்ப்யூட்டர் பின்னறைக்குப் போனது. கோழியும் கூடவே நடந்து வந்தது, துரத்தவேண்டியதாயிற்று. வீரம்மா கதவைச் சாத்தி, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். யோசிக்க ஒன்றுமே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. வெளியே மழையில் ராசம்மா, தலையில் ஒரு கட்டு விறகு. கதவு திறந்த பிறகும் அவள் வாசல்படியைத் தாண்டவில்லை.

“நனையுதுடி. ஒன் காம்பராவுல வச்சுக்கிறட்டுமா?”

ராசம்மா எதையும் கேட்டு வைத்தது அதுதான் முதல்தரம். வீரம்மா, கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் வேண்டாம் என்று சொல்லி, கட்டின் ஒரு முனையைப் பிடித்தாள்.