மந்திரியார் மகள்

நேற்று வார்டில் ஒரு காய்ச்சல் அட்டையைப் பார்த்தேன். மூன்று புள்ளிகள் அடிமட்டம் வைத்ததுபோல ஒரே வரிசையில் இருந்தன. உயிருள்ள உடம்பின் காய்ச்சல் அவ்வளவு ஒழுங்காக நடக்காது. பயிற்சிக்கு வந்திருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "சூடு பாத்துத்தான் வச்சீங்களா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தாள். ஏச வேண்டியவள் நான்தான், ஆனால் வாய் வரவில்லை. திரும்பப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். கார்போலிக் சவுக்கார வாசம் மூக்கில் ஏறியதும் பூமணி நினைவில் வந்து நின்றாள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருடங்களில், வாவிக்கரையில் ஒரு சின்ன ஆசுபத்திரியில் நானும் பூமணியும் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே அறை, ஒரே முகம் பார்க்கும் கண்ணாடி. நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். தோய்க்கும் உடுப்புக்கு ஒன்று, பாடமாக்கும் எலும்புகளுக்கு ஒன்று. "தும்மல் வந்தாலும் லிஸ்ற்றில எழுதிப்போட்டுத்தான் தும்முவாய்கா நீ" என்பாள் பூமணி.

அவளுடைய தகப்பன் வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் வயல் செய்கிறவர். ஊர்க்கூத்தில் சூழ்ச்சிக்கார மந்திரி வேசம் அவருக்குத்தான். அதனால் ஊருக்கே அவர் மந்திரியார், பூமணி மந்திரியார் மகள். அந்தப் பெயர் தோணியேறி ஆசுபத்திரிக்கும் வந்துவிட்டது. ஒரு போத்தல் மூடி காணாமல் போனாலும் "மந்திரியார் மகளிட்டக் கேளுங்க" என்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒருமுறை லீவு கிடைத்து அவளோடு கூத்துப் பார்க்கப் போனேன். மந்திரி, குற்றமில்லாத இராணிமேல் அரசனைச் சந்தேகப்பட வைக்கிற கதை. அதில் மந்திரி ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. ஏதோ சொல்ல வாயெடுப்பார், சட்டென்று நிறுத்துவார். "வேண்டாம் அரசே, கேட்க வேண்டாம்" என்பார். அரசன் கெஞ்சக் கெஞ்ச மறுப்பார். மறுக்க மறுக்க மீதியை அரசனே கற்பித்துக்கொள்வான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் பொறுக்க மாட்டாமல் எழுந்தாள். "நாசமாப் போவானே! அந்தப் புள்ள உனக்கு என்னடா செய்தா?" என்று மண்ணை அள்ளி வீசினாள். நானும் ஒரு பிடி அள்ளினேன். சேலை அழுக்காகும் என்று கீழே போட்டுவிட்டேன்.

விடிந்ததும் அதே மந்திரி, முகத்துப் பூச்சைப் பாதி துடைத்தபடி எங்களிடம் ஓடிவந்தார். "தோணிக்கு நேரம் கிடக்கு புள்ளைகள், ரெண்டு வாய் திண்டுட்டுப் போங்க."

முதல் தோணியில் வந்து நேரே வேலைக்கு இறங்கினோம். காய்ச்சல் வார்டில் எந்தக் கட்டிலை யார் பார்ப்பது என்று தினமும் நாங்களே பிரித்துக்கொள்வோம். அது எழுதப்படுவது என் பட்டியலில் மட்டும்தான். உன்னிச்சையிலிருந்து மலேரியாவோடு வந்த நாலு வயதுப் பிள்ளையின் கட்டில் அன்று என்னுடையது. இரண்டு மணிக்குச் சூடு பார்க்க வேண்டும். கண் சொருகியது, பிள்ளையும் தூங்கியது. காலைப் புள்ளிக்கு நேரே இன்னொரு புள்ளியை வைத்தேன். நாலு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. டாக்டர் ஓடிவந்து காப்பாற்றினார். அட்டையைப் பார்த்ததும் இரண்டு மணிப் புள்ளி பொய்யென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேட்றன் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். பிடிபட்டவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புள்ளியில் கையெழுத்துத் தெரியாது.

"ஆர் பாத்த கட்டிலெண்டு எனக்கு ஞாபகமில்ல அம்மா" என்றாள் பூமணி. "ஆனா பாக்காம நான் வைக்கிறல்ல. இவளிட்டக் கேளுங்க, இவட லிஸ்ற்றில எல்லாம் இரிக்கி."

மேட்றன் என் பக்கம் கையை நீட்டினார். என் கை சட்டைப்பைக்குள் போனது. அங்கேயே நின்றது.

"வேணாம் அம்மா" என்றேன். "இதப் பாக்க வேணாம்."

நான் சொன்னது அவ்வளவுதான். பொய் ஒன்றுமில்லை. மேட்றன் பூமணியைப் பார்த்தார். பிறகு என்னை ஒருவித மதிப்போடு பார்த்தார். சிநேகிதியைக் காட்டிக்கொடுக்காத பெண் என்று நினைத்திருப்பார்.

அன்று மாலை பூமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "நித்திர மயக்கத்தில நான்தான் வச்சனோகா?" என்று மெல்லக் கேட்டாள். நான் உடுப்பு மடித்தேன். மடித்த துவாயை உதறி மறுபடி மடித்தேன்.

மறுநாள் தகப்பன் வந்தார். அவளுடைய றங்குப்பெட்டியைத் தூக்குவதற்கு முன் என்னிடம் வந்தார்.

"தான்தான் செய்ததெண்டு அழுறா. நீ கூட இரிந்த புள்ள. உண்மையாச் செய்தாளா?"

"எனக்குத் தெரியா மாமா" என்றேன். அது மட்டும் சுத்தப் பொய்.

எத்தனையோ கூத்துக் களரியில் எத்தனையோ அரசர்களை ஏமாற்றிய மனிதர், என்னை அப்படியே நம்பினார். "அவளில பிழையில்ல புள்ள. இந்த வேசத்தக் கட்டிக் கட்டி நான்தான் பழிய வீட்டுக்குக் கொண்டுவந்திட்டன். இனிச் சதங்கை கட்ட மாட்டன்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் துறைவரை தூக்கிக் கொடுத்தேன்.

நுளம்பு மருந்து அடிக்கத் தொடங்கியபின் உன்னிச்சைக் காய்ச்சல் குறைந்துவிட்டது. ஆசுபத்திரியின் ஓலைக்கூரை போய் ஓடு வந்துவிட்டது. போன வருடம் பூமணியின் ஊர்ப் பெண் ஒருத்தி பிரசவத்துக்கு வந்தாள். பூமணியைப் பற்றிக் கேட்கத் தைரியம் வரவில்லை. கூத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் கத இப்ப ஆடுறல்ல மிஸ்ஸி" என்றாள். "மந்திரிக்கு ஆளில்ல."