கிராணி ஓடின காடு

போன வாரம் செர்டாங்கிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் மனைவி அஞ்சலை. முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள்.

"கிராணிக்காடுன்னு ஏன்டா பேரு வந்துச்சு?"

"ஜப்பான்காரன் காலத்துல துணிச்சலான கிராணி ஒருத்தரு, காட்ட அழிச்சு மரவள்ளி போட்டு, ஜனங்கள குடி வெச்சாராம்லா."

சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அந்தக் கிராணி அடியேன்தான். அந்தத் துணிச்சல்தான் யாருடையது என்று தெரியவில்லை.

அப்போது நான் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஆள் பிடிக்கிறார்கள் — போனவர்கள் திரும்புவதில்லை — என்று பேச்சு. லாரிச் சத்தம் கேட்டாலே என் பேனா நின்றுவிடும். வீட்டில் அஞ்சலையின் தம்பி ராமன் வேறு... கட்டுமஸ்தான உடம்பு. பிடித்துப்போக அவனைவிடத் தோதான ஆள் உண்டா?

ஒரு மத்தியானம் சைக்கிளில் ஒருவர் வந்தார். "பக்கத்துத் தோட்டத்துல ஆள ஏத்திட்டாங்க, கிராணியாரே. லாரி அடுத்து இங்கதான்" என்றார். பறந்துவிட்டார்.

லயத்து வீடுகளில் இருக்கும் வேலையாட்களை எச்சரிக்க வேண்டுமே. ஓடிப்போய், ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடித்தேன். அடித்தேன்... அடித்துக்கொண்டே இருந்தேன்.

அதை எதற்கு அடிப்பார்கள்? பெரட்டுக்கு — வேலையாட்களைக் கூட்டி ஆள் கணக்கெடுக்க. ஓடி ஒளிய வேண்டிய ஜனம் மொத்தமும் பால் வாளியோடு வந்து, வழக்கம்போல வரிசையில் நின்றது. முதல் வரிசையில் ராமன். லாரிக்காரனுக்கு இனி என்ன வேலை? அள்ளிப் போட வேண்டியதுதான்.

"என்ன மாமா, இந்நேரத்துல பெரட்டு?" என்றான் ராமன்.

தூரத்தில் லாரியின் உறுமல். வாயைத் திறந்தேன் — கால்தான் பதில் சொன்னது. ஓடினேன்.

பெரட்டை விட்டுவிட்டுக் கிராணி ஓடி யார் பார்த்திருக்கிறார்கள்?

"கிராணியே ஓடுறாருடோய்" என்று யாரோ கத்த, அத்தனை பேரும் என் பின்னால். ஆற்றைத் தாண்டிக் காட்டுக்குள் போய் விழுந்தோம். லாரி வந்தபோது வாளிகள் மட்டும் வரிசையில் நின்றன.

திரும்பிப் போகப் பயம். அங்கேயே மரவள்ளி ஊன்றினோம். கிராணி ஓடின காடு என்றார்கள். நாளடைவில் நடுவில் இருந்த 'ஓடின' காணாமல் போனது — சத்தியமாக நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் அஞ்சலை முன்னால் குனிந்தாள். "துணிச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. இவரு அன்னிக்குப் பயந்து ஓடலன்னா, எந்தம்பி இன்னிக்கு இல்ல."

இளைஞர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பயத்துக்கும் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கி நடையை எட்டிப் போட்டேன்... பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.